இரு சக்கர வண்டிகளுக்கு மட்டும்

அக்காவை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போயே தீருவது என்று முடிவு கட்டியபோது, ஸ்பேனர் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் "எனக்கெதுக்குடி அதெல்லாம், உனக்கு வேற வேலை இல்ல?" என்றுதான் பதில் வந்திருக்கும். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு நேரத்தை வீணாக்குகிற பழக்கம் ஸ்பேனருக்குக் கிடையாது.

ஸ்பேனர் என்பது தெரு வைத்த பேர். மோட்டார் பைக் ஒர்க்ஷாப் நடத்துகிறாள். சும்மா சொல்லக் கூடாது, கைராசிக்காரி. மற்ற கடைகளில் கையை விரித்துவிட்ட வண்டிகளெல்லாம் அவளிடம் வந்து உயிர் பெற்றுப் போகும். வாய்தான் கொஞ்சம் நீளம். அக்கா நேர் எதிர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவாள், அதையும் யோசித்துத்தான் பேசுவாள். சுற்றுலா பஸ் ஓட்டியவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே தடம்: நகரத்திலிருந்து தேசியப் பூங்கா வாசல், வாசலிலிருந்து நகரம். வெளிப் பஸ்ஸுக்கு உள்ளே அனுமதி இல்லை. பயணிகள் வாசலில் இறங்கி, பூங்காவின் வேன்களில் ஏறி, மலை மேலே இருக்கிற அருவியைப் பார்க்கப் போவார்கள். டிரைவர் பஸ்ஸை விட்டு நகரக் கூடாது என்பது கம்பெனி போட்ட சட்டம். அதனால் அக்கா அந்த வாசலை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

லீவு நாளில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். லீவு நாளில்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள், தங்கச்சியின் ஒர்க்ஷாப்புக்கு இடம் தேடி அலைந்தாள், மிச்ச நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். ரிட்டயர் ஆனதும் போய்க்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள். அதற்குள் ஒரு நாள் பஸ்ஸின் படியிலிருந்து வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் காலை உயரத் தூக்க முடியாது. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்தவள்தான், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. மலைச் சாலை ஓரிடத்தில் சரிந்துவிட்டது, இந்த மாதக் கடைசியோடு பூங்காவை மூடுகிறோம், வேலை முடியும்வரை யாருக்கும் அனுமதி இல்லை. ரோடு வேலை எப்போது முடியும் என்று சொல்லக்கூடியவர் இன்னும் பிறக்கவில்லை. இப்போது விட்டால் அக்காவுக்கு அது இல்லவே இல்லை என்று ஸ்பேனருக்குத் தோன்றியது.

பூங்காவுக்குள் போக முன்பதிவு வேண்டும். தினமும் காலையில் இணையத்தில் திறப்பார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். ஸ்பேனர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செல்போனைப் பார்ப்பாள். திறந்ததும் அமுக்குவாள். போன் அசையாது. இத்தனை வருஷம் உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனியில் ரேகையே இல்லை, தோல் காய்த்துப் போயிருந்தது. அவள் விரலை விரல் என்று ஒத்துக்கொள்ள அந்த போன் தயாராக இல்லை.

"நகரு, நான் அமுக்கறேன்" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"உங்க கையில கொடுத்தா நீங்க முதல்ல கண்ணாடியைத் தேடுவீங்க. அதுக்குள்ள எல்லாம் போயிடும்."

"மூக்கு மேலதான் இருக்கு கண்ணாடி. நீ கொடு முதல்ல."

இப்படியே பல காலைகள் சண்டையில் போயின. கடைசியில் ஒரு மத்தியானம், ஒரு வண்டியின் செயினை மாட்டிக்கொண்டிருந்தபோது, சும்மா எட்டிப் பார்த்தாள். யாரோ ரத்து செய்திருந்தார்கள். பூங்காவின் கடைசி நாளுக்கு ஒரே ஒரு இடம் பச்சையாக மின்னியது. 'இரு சக்கர வண்டிகளுக்கு மட்டும், இரண்டு நபர்' என்று எழுதியிருந்தது. ஸ்பேனர் குனிந்து மூக்கால் போனை அமுக்கினாள். மூக்குத் தோல் காய்த்துப் போகாததால் போன் கேட்டது. அக்காவின் பேரில் பதிவாகிவிட்டது. நமக்குன்னே வெச்சிருக்காங்க பாரு என்று அவள் செயின் மாட்ட வந்த ஆளிடம் சொல்லிச் சிரித்தாள்.

அக்கா பைக்கில் பின்னால் ஏற முடியாது, காலைத் தூக்கிப் போட முடியாதே. அதற்கெல்லாம் ஸ்பேனர் அசருவாளா? ஆள் உட்காருகிற பக்கப் பெட்டி, பழைய சைட்கார் ஒன்றை வாங்கி வந்தாள். துருவைச் சுரண்டி, சீட்டுக்கு நுரை வைத்துத் தைத்து, தன் சொந்த பைக்கின் பக்கவாட்டில் பூட்டினாள். பூட்டும்போது பாதி வேலை செய்து அவளுக்குப் பழக்கமில்லை. பின் சீட்டு இனி எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் டூல் பாக்ஸை வெல்டு வைத்தாள். பக்கத்தில் சைட்கார் முட்டுக் கொடுக்கும்போது ஸ்டாண்டு எதற்கு என்று அதையும் அறுத்துவிட்டாள். அக்கா உட்கார்ந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அக்கா வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

கடைசி நாள் விடியலில் கிளம்பினார்கள். வழியெல்லாம் ஸ்பேனர் பேசிக்கொண்டே ஓட்டினாள், ஹெல்மெட்டுக்குள் பேசுவது யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் பேசினாள். அக்கா மடியில் கையைக் கட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தபடி வந்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவள் வலது கால் தானாகத் தரையை அமுக்குவதை ஸ்பேனர் கவனித்தாள்.

பூங்கா வாசலில் கேட்டுக்காரர் வந்தார். அக்கா அறிந்த பழைய ஆள் இல்லை, புது ஆள். பதிவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடியும் பதிவைப் பார்த்தார்.

"இது இரு சக்கர வண்டிக்கான பதிவும்மா."

"ஆமா சார். மோட்டார் பைக்தானே இது."

"எண்ணிப் பாருங்க."

ஸ்பேனர் திரும்பிப் பார்த்தாள். மூன்று சக்கரம். அந்த மூன்றாவது சக்கரத்துக்குக் காற்றடித்தவள் அவள், பேரிங் மாற்றியவள் அவள், நட்டை முறுக்கியவள் அவள். ஆனால் ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை. அது அவளுக்கு வண்டியின் சக்கரமாகத் தெரியவே இல்லை. அக்கா உட்காருகிற இடம், அவ்வளவுதான்.

"சார், ஒரு சக்கரம் கூட இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

"எனக்கு ஒண்ணும் குறையலம்மா. மேல ரோடு சரிஞ்ச இடத்துல இரும்புத் தகடு போட்டிருக்கு. ஒரு பைக் போற அகலம்தான். வேனையே நிறுத்தியாச்சு. இதை விட்டா உங்க பக்கப் பெட்டி அந்தரத்துல தொங்கும்." அவர் குரலில் அதிகாரம் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். "பன்னிரண்டு மணிக்கு மேல யாரையும் உள்ள விடறதில்ல. வேற வண்டி கிடைச்சா கொண்டு வாங்க."

தகட்டின் அகலத்தைக் கேட்டு, டேப்பை எடுத்துத் தன் வண்டியை அளந்து பார்த்தாள் ஸ்பேனர். அளவு என்று வந்துவிட்டால் அவள் வாயாடுகிறவள் இல்லை. பத்தாது, பத்தாதுதான்.

"விடுடி. இவ்வளவு தூரம் வந்ததே போதும். காத்து நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போலாம்" என்றாள் அக்கா.

அந்தப் 'போதும்'தான் ஸ்பேனரைக் கிளப்பிவிட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்கா வாயில் அவள் கேட்டு வந்த 'போதும்' அது. அவளுக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தது. "போதாது. எனக்குப் போதாது. நீ இறங்கு, நான் இதைக் கழட்டறேன்" என்றாள்.

அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கி ஒரு கல்லில் உட்கார வைத்தாள். டூல் பாக்ஸைத் திறந்தாள். முதலில் விளக்கு வயரைப் பிடுங்கினாள். கீழ் போல்ட் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. மேல் போல்ட் ஒன்று அசைய மாட்டேன் என்றது. அதை அப்படி இறுக்கிய புண்ணியவதி யார் என்று திட்டிக்கொண்டே திருகு சாவியின் பிடியில் குழாயைச் சொருகி, முழு எடையையும் போட்டுத் திருகினாள். புறங்கை சிராய்த்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் திருகினாள். கேட்டுக்காரரே வந்து பைக் சாயாமல் பிடித்துக்கொண்டார். கடைசியில் சைட்கார் தனியாகப் பிரிந்து வந்தது. வாகன நிறுத்தத்தின் ஓரத்துக்கு அதைத் தள்ளி, அணையாகக் கல் வைத்தாள்.

"எண்ணிப் பாருங்க சார்" என்றாள்.

"ரெண்டு" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க அக்கா எங்க உட்காருவாங்க?" என்று கேட்டார்.

ஸ்பேனர் பைக்கின் பின்பக்கத்தைப் பார்த்தாள். சீட்டு இல்லை. கால் வைக்கிற கம்பி இல்லை. அவள் கையாலேயே வெல்டு வைத்த டூல் பாக்ஸ்தான் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பாதி வேலை செய்யத் தெரியாதவள் பட்ட பாடு இது. ஒர்க்ஷாப்பாக இருந்தால் இந்நேரம் எதையாவது தூக்கி எறிந்திருப்பாள். ஒரு ஆளுக்குத்தான் வண்டி. ஒருத்திதான் உள்ளே போக முடியும்.

அக்கா இதை முன்னமே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. "நீ போயிட்டு வாடி. போட்டோ எடுத்துட்டு வா. நான் இங்க இருக்கேன், எனக்குப் பழக்கம்தானே."

"போட்டோ பார்க்கவா நான் மூக்கால அமுக்கி இடம் பிடிச்சேன்? நீ ஓட்டு."

"என்னது?"

"நீ ஓட்டிட்டுப் போ. உன்கிட்ட எல்லா லைசென்ஸும் இருக்கு. பதிவும் உன் பேருலதான் இருக்கு. சார், யாரு பேருல இருக்கோ அவங்கதானே போகணும்?"

"அவங்கதான் போகணும். கூட வர்றவங்க வராட்டிப் பரவாயில்ல" என்றார் கேட்டுக்காரர், இந்தச் சண்டையில் தன்னை ஏன் இழுக்கிறார்கள் என்ற முகத்தோடு.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பயமா இருக்குடி."

"எதுக்குப் பயம்?"

"விழுந்ததுக்கு அப்புறம் நான் ஒரு வண்டியைக்கூடத் தொடல. டாக்டர் ஓட்டலாம்னுதான் சொன்னார். அதை உங்க யாருகிட்டயும் நான் சொல்லல. ஓட்டணும்னு நினைச்சாலே கை நடுங்குது. இங்க பாரு." கையை நீட்டினாள். நடுங்கத்தான் செய்தது.

வலியால்தான் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இருந்துகொண்டு இது தெரியாமல் போயிற்றே என்று ஸ்பேனருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. சமாதானமாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தாள். சமாதானம் சொல்வது அவளுக்கு வராது.

"நடுங்கட்டும். நடுங்குற கையோடயே ஓட்டு. நின்னதுக்கப்புறம்தான் ஓட்டுவேன்னா அது எப்போ நிக்கிறது? எனக்கு மட்டும் பயமில்லையா? என் வண்டியை நான் இதுவரைக்கும் யாருக்காவது கொடுத்திருக்கேனா? என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரு."

அக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. வீட்டுக்காரர் ஒரு தடவை கடைக்கு எடுத்துப் போக ஆசைப்பட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது அவளுக்கும் தெரியும்.

"எப்படி ஏறுவேன்?" என்றாள்.

ஸ்பேனர் பைக்கை உருட்டிக்கொண்டு போய், கழற்றி வைத்த சைட்காரின் பக்கத்தில் நிறுத்திப் பிடித்தாள். அக்கா சைட்காருக்குள் ஏறி நின்றாள். அந்த உயரத்திலிருந்து இடது காலைத் தூக்க வேண்டியதில்லை, வலது காலை மட்டும் அந்தப் பக்கம் போட்டால் போதும். கேட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு போட்டாள், மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றின.

"ஸ்டாண்டு கிடையாது. அதனால மேல போய் இறங்காத. இறங்கினா திரும்ப ஏற முடியாது. உட்கார்ந்தபடியே பாரு."

"நான் உலகத்தையே உட்கார்ந்தபடிதான் பார்த்திருக்கேன்" என்றாள் அக்கா.

வாகன நிறுத்தத்திலேயே ஒரு சுற்று வரச் சொன்னாள். முதல் தடவை கிளட்சை விட்டதும் வண்டி குலுங்கி நின்றுபோனது. இரண்டாவது தடவையும் நின்றது. ஸ்பேனர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள், அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும். கேட்டுக்காரர் மணியைப் பார்த்தார். மூன்றாவது தடவை வண்டி நகர்ந்தது. கோணலாகப் போனது, நிமிர்ந்தது, ஒரு வட்டம் அடித்து நேராக வாசல் கம்பிக்கு முன்னால் வந்து நின்றது. கேட்டுக்காரர் கம்பியைத் தூக்கினார். அக்கா தங்கச்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

வண்டி மரங்களுக்குள் மறைந்ததும்தான் ஸ்பேனருக்கு உறைத்தது. என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று சைட்காரின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இடுப்பு முறிந்தவளை, கை நடுங்குகிறவளை, ஸ்டாண்டு இல்லாத வண்டியில், சரிந்த ரோட்டுக்கு அனுப்பியாயிற்று. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் முகத்தில் விழிப்பது? மேலே போனில் சிக்னலும் கிடையாது. மேலிருந்து இறங்கி வந்த ஒவ்வொரு பைக்கையும் மறித்தாள்.

"ஒரு அம்மா, கறுப்பு வண்டி, பின்னாடி பெட்டி. பார்த்தீங்களா?"

"தகடு போட்ட இடத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க" என்றான் ஒருவன்.

கொஞ்சம் கழித்து இன்னொரு ஜோடி வந்தது. "அந்த அம்மாவா? இன்னும் அங்கதான் நிக்கறாங்க. நாங்க ஓட்டிக் கொடுக்கட்டுமான்னு கேட்டோம். வேணாம்னு தலையை ஆட்டிட்டாங்க."

ஸ்பேனர் எழுந்தாள். நடந்தே போகிறேன் என்று கேட்டுக்காரரிடம் நின்றாள். கூட வருகிறவள் என்று பதிவில் தன் பேரும் இருக்கிறதே என்று வாதாடினாள். நடந்தால் இருட்டுவதற்குள் பாதி வழிகூட ஆகாது என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவள் விடவில்லை. அந்த வாக்குவாதத்தின் நடுவில் ஒரு கிழவர் மொபெட்டில் இறங்கி வந்தார். அவரையும் மறித்தாள்.

"தகடு போட்ட இடத்துல யாராவது நிக்கறாங்களா ஐயா?"

"யாரும் இல்லையேம்மா. பெட்டி வெச்ச வண்டியில ஒரு அம்மா அந்தப் பக்கம் போய்க்கிட்டு இருந்தாங்க. பஸ்ஸு திருப்புற மாதிரி வளைவை அகலமா எடுக்கறாங்க. நான்தான் ஒதுங்கி வழி விட்டேன்."

ஸ்பேனர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டுக்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். குடித்தாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் மறிக்கவில்லை.

வெயில் சாய்ந்து, வாகன நிறுத்தம் காலியாகிக்கொண்டு வந்த நேரத்தில் தன் எஞ்சின் சத்தம் அவளுக்குக் கேட்டது. அக்கா பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே வேகத்தைக் குறைத்து இறங்கி வந்தாள். சைட்காரை ஒட்டி, ஒரு விரற்கடை பிசகாமல் கொண்டு வந்து நிறுத்தினாள். ஸ்பேனர் ஓடிப் போய் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அக்காவின் முகமும் சட்டையும் நனைந்திருந்தன. சாரல்தானா, அழுதாளா என்று தெரியவில்லை. கை நடுங்கவில்லை.

"எப்படிக்கா இருந்துச்சு?"

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்" என்றாள்.

"என்னக்கா இது? காலையிலேர்ந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"திரும்பி வரும்போது பஸ்ல எல்லாரும் அருவியைப் பத்தியே பேசிக்கிட்டு வருவாங்கடி. வருஷக்கணக்கா கேட்டிருக்கேன். கேட்டுக் கேட்டு, நானும் பார்த்துட்ட மாதிரிதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அதனாலதான் போகணும்னே தோணல. இன்னிக்கு அங்க போய் நின்னேன். அவங்க சொன்னது எதுவும் இல்ல அது." "நான் சொல்லி, நீ கேட்டு, அதோட உனக்கும் போதும்னு ஆயிடக் கூடாது. ரோடு திறக்கட்டும். நீயே வந்து பாரு."

"அது எப்போ திறக்கறது?"

"திறக்கற அன்னிக்கு நான் உன்னைக் கூட்டிட்டு வரேன். பின்னாடி அந்தப் பெட்டியை எடுத்துட்டு சீட்டை மாட்டி வை."

ஸ்பேனர் அக்காவை இறக்குவதற்காக சைட்காரில் ஒரு காலை வைத்துக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"நான் இறங்கல. இதை மாட்டு. இருட்டுறதுக்கு முன்னாடி கிளம்பணும்."

"சைட்கார் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்க்கா. ஓட்டறது கஷ்டம்."

"இழுக்காத பஸ்ஸை நான் எப்போ ஓட்டினேன்? போல்ட்டை முறுக்குடி. முறுக்கிட்டு வந்து உட்காரு."

ஸ்பேனர் போல்ட்களைப் போட்டு முறுக்கினாள். வயரைச் சொருகினாள். பிறகு தான் தைத்த சீட்டில் முதல் தடவையாக ஏறி உட்கார்ந்தாள், கால் வைக்க இடம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அக்கா கியரைப் போட்டாள்.